கற்றல் கற்பித்தலில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம்

க.பொ.த. சாதாரண தரம் – தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல்
பகுதி: தகவல் தொடர்பாடல் தொழினுட்பமும் சமூகமும்

இப்பாடத்தைக் கற்ற பின்னர் உங்களால்,

• கற்றல் கற்பித்தலில் பயன்படும் சாதனங்களையும் மென்பொருள்களையும் வகைப்படுத்தவும்
• ஒவ்வொரு பாடத்திற்கும் பொருத்தமான தொழினுட்பத்தைக் காரணத்துடன் தெரிவுசெய்யவும்
• இணையவழிப் பாடமொன்றுக்குத் தேவையான தரவின் அளவைக் கணிக்கவும்
• இலக்கமுறை இடைவெளியை விளக்கி, அதனைக் குறைக்கும் வழிகளைக் கூறவும்

முடியும்.

அறிமுகம்

கரும்பலகையும் வெண்கட்டியும்கூட ஒரு காலத்தில் புதிய தொழினுட்பமே. ஆசிரியர் எழுதுவதை வகுப்பிலுள்ள அனைவரும் ஒரே நேரத்தில் பார்க்கலாம் என்பதே அதன் சிறப்பு. பின்னர் அச்சிட்ட பாடநூல், வானொலி, தொலைக்காட்சி, கணினி, இணையம் என ஒவ்வொன்றாக வகுப்பறைக்குள் வந்தன. ஒவ்வொன்றும் முன்னையதால் செய்ய முடியாத ஏதோ ஒன்றைச் செய்தது. ஆயினும் எதுவும் ஆசிரியரின் இடத்தை முற்றாக எடுத்துக்கொள்ளவில்லை.

பரீட்சையில் இப்பகுதியிலிருந்து வினா வரும்போது பல மாணவர்கள் “கணினி மூலம் இலகுவாகக் கற்கலாம்” என்று மட்டும் எழுதிவிட்டு நிறுத்திவிடுகின்றனர். அவ்விடைக்குப் புள்ளி கிடைப்பது அரிது. எந்தச் சாதனம், எந்தப் பாடத்தில், எந்தக் கடினத்தைத் தீர்க்கின்றது என்று குறிப்பாக எழுத வேண்டும். இப்பாடம் அதற்கே உங்களைத் தயார்ப்படுத்துகின்றது.

1. சாதனங்களும் மென்பொருள்களும்

1.1 வன்பொருள்

• கணினி, மடிக்கணினி, டப்லட்: பாட உள்ளடக்கத்தைத் தயாரிக்கவும் காட்டவும் மாணவர் தாமாகப் பயிலவும் உதவும்.
• பல்லூடக எறியி: கணினித் திரையில் தெரிவதைச் சுவரில் அல்லது திரைச்சீலையில் பெரிதாக்கிக் காட்டும்.
• திறன் பலகை: எறியப்பட்ட படத்தின்மீது விரலால் அல்லது பேனையால் எழுதவும் பொருள்களை நகர்த்தவும் உதவும். எழுதியதைச் சேமித்து வைக்கலாம்.
• வானொலி, தொலைக்காட்சி: ஒரு நேரத்தில் பெருந்தொகையான மாணவர்களைச் சென்றடையும். இணைய இணைப்புத் தேவையில்லை.
• கையடக்கத் தொலைபேசி: படம் பிடித்தல், ஒலிப்பதிவு, தேடல், குழுவாகத் தொடர்பாடல் ஆகியவற்றுக்கு உதவும்.

1.2 மென்பொருள்

• முன்வைப்பு மென்பொருள்: குறிப்பு, படம், ஒலி, அசைவூட்டம் ஆகியவற்றை ஒன்றுசேர்த்துக் காட்டும்.
• விரிதாள்: எண் தரவுகளைக் கணித்து வரைபாக மாற்றும்.
• பாவனையாக்கல் மென்பொருள்: ஆய்வுகூடத்தில் செய்யும் பரிசோதனையைத் திரையில் செய்துபார்க்க உதவும்.
• கற்கை முகாமைத்துவ முறைமை: பாடங்கள், ஒப்படைகள், வினாக்கள், புள்ளிகள் அனைத்தையும் ஓரிடத்தில் முகாமைசெய்யும்.
• உதவித் தொழினுட்ப மென்பொருள்: விசேட தேவையுடைய மாணவர்களுக்கு உதவும்.

கவனிக்க: சாதனம் வேறு, உள்ளடக்கம் வேறு. எறியி ஒரு சாதனம். அதன்மூலம் காட்டப்படும் பாடமே உள்ளடக்கம். ஒரு பாடசாலையிடம் சாதனம் இருந்தும் தாய்மொழியில் உள்ளடக்கம் இல்லையாயின் பயன் குறைவு.

2. பாடங்களில் பயன்பாடு

2.1 கணிதம்

வட்டமொன்றின் வில்லினால் மையத்தில் எதிரமைக்கப்படும் கோணம், அதே வில்லினால் வட்டத்தின் எஞ்சிய பகுதியில் எதிரமைக்கப்படும் கோணத்தின் இருமடங்காகும் என்ற தேற்றத்தை எல்லோரும் மனனஞ் செய்கின்றனர். கரும்பலகையில் வரையப்படும் உருவில் கோணம் ஒரே ஒரு பெறுமானத்தைத்தான் கொண்டிருக்கும். மாணவன் அந்த ஓர் உருவை மட்டும் நம்ப வேண்டியுள்ளது.

ஜியோஜீப்ரா என்பது இலவசமாகக் கிடைக்கும் கணித மென்பொருள் ஆகும். மார்க்கஸ் ஹோஹன்வார்ட்டர் என்பவர் 2001 இல் ஒஸ்திரியாவின் சால்ஸ்பேர்க் பல்கலைக்கழகத்தில் இதனை உருவாக்கத் தொடங்கினார். இதில் வட்டத்தை வரைந்து, பரிதியிலுள்ள புள்ளியை இழுக்கலாம். புள்ளி அதே வில்துண்டில் எங்கு நகர்ந்தாலும் கோணம் மாறாதிருப்பதை மாணவன் கண்ணால் காண்கின்றான். வில்லின் முனையை நகர்த்தும்போது மையக் கோணமும் பரிதிக் கோணமும் மாறுகின்றன. ஆனால் 2:1 என்ற விகிதம் மாறுவதில்லை. எதனை மாற்றினால் எது மாறாதிருக்கின்றது என்று காண்பதே கேத்திரகணிதத்தின் உயிர்.

ஆனால் நூறு தடவை இழுத்துப் பார்த்தாலும் அது நிறுவல் ஆகாது. திரையில் கண்டதைப் பின்னர் தாளில் நிறுவ வேண்டும். பரீட்சையில் புள்ளி நிறுவலுக்கே வழங்கப்படும்.

2.2 விஞ்ஞானம்

ஐக்கிய அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2002 இல் தொடங்கப்பட்ட பெற் என்னும் செயற்றிட்டம், விஞ்ஞானத்துக்கும் கணிதத்துக்குமான பாவனையாக்கல்களை இலவசமாக வழங்குகின்றது. இதனைத் தொடங்கியவர் 2001 இல் பௌதிகவியலுக்கான நோபல் பரிசைப் பெற்றோரில் ஒருவரான கார்ல் வீமன் ஆவார். இப்பாவனையாக்கல்களில் பல தமிழிலும் கிடைக்கின்றன. பதிவிறக்கி வைத்துக்கொண்டால் இணைய இணைப்பின்றியும் இயக்கலாம்.

உதாரணமாக ஓமின் விதியை எடுத்துக்கொள்வோம். 3 ஓம் தடைக்குக் குறுக்கே 6 வோல்ற்று அழுத்த வித்தியாசத்தை வழங்கினால் 2 அம்பியர் மின்னோட்டம் பாயும். தடையை 6 ஓம் ஆக்கினால் மின்னோட்டம் 1 அம்பியர் ஆகும். ஆய்வுகூடமே இல்லாத பாடசாலையிலும் இதனைச் செய்துபார்க்கலாம். குறுஞ்சுற்று ஏற்பட்டாலும் திரையில் மட்டுமே தீப்பிடிக்கும்; எவருக்கும் ஆபத்தில்லை.

பாவனையாக்கலின் குறைபாட்டையும் எழுதத் தெரிந்திருக்க வேண்டும். உண்மையான அம்பியர்மானியில் முள் தடுமாறும், இணைப்புத் தளரும், வாசிப்பில் வழு ஏற்படும். திரையில் இவை பெரும்பாலும் இல்லை. எனவே ஆய்வுகூடம் உள்ள பாடசாலையில் பாவனையாக்கல் முன்னாயத்தமாக அமைய வேண்டும். கையால் செய்யும் பரிசோதனைக்குப் பதிலாக அமையக் கூடாது.

2.3 புவியியல்

யாழ்ப்பாணம், இரத்தினபுரி ஆகிய இரண்டு இடங்களின் மாதாந்த மழைவீழ்ச்சியை விரிதாளில் பதிந்து நிரல் வரைபாக மாற்றினால், வடகீழ்ப் பருவக்காற்றையும் தென்மேல் பருவக்காற்றையும் பற்றி நீண்ட விளக்கம் தேவைப்படாது. இரத்தினபுரியில் ஆண்டின் பெரும்பகுதி முழுவதும் மழை இருப்பதையும், யாழ்ப்பாணத்தில் அது ஆண்டின் இறுதி மாதங்களில் குவிந்திருப்பதையும் வரைபே காட்டிவிடும். கையால் வரைபு வரைவதற்குச் செலவாகும் பாடவேளையை, “ஏன் இவ்வாறு வேறுபடுகின்றது?” என்று கலந்துரையாடச் செலவிடலாம்.

2.4 மொழிப் பாடங்கள்

ஆங்கிலம், சிங்களம் ஆகியவற்றைக் கற்கும்போது உச்சரிப்பைத் திரும்பத் திரும்பக் கேட்கவும், தமது குரலைப் பதிந்து ஒப்பிடவும் கையடக்கத் தொலைபேசியே போதுமானது.

தமிழில் குறிப்புகளைத் தட்டச்சிடும்போது ஒரு விடயத்தை மறக்கக் கூடாது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில், ஆங்கில எழுத்துகளுக்குரிய குறியீடுகளின்மீதே தமிழ் வடிவங்கள் பொருத்தப்பட்டுள்ளன. எனவே அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால், பொருளற்ற ஆங்கில எழுத்துகளே தெரியும். தேடற்பொறியாலும் அதில் தமிழ்ச் சொற்களைத் தேட முடியாது. ஒருங்குறியில் தமிழுக்கெனத் தனியான குறியீடுகள் உண்டு. ஆகையால் பகிரப்படும் பாடக்குறிப்புகள் ஒருங்குறியில் இருத்தல் வேண்டும்.

2.5 விசேட தேவையுடைய மாணவர்கள்

திரையில் உள்ள எழுத்தைக் குரலாக மாற்றி வாசிக்கும் மென்பொருள் திரைவாசிப்பான் எனப்படும். என்விடிஏ என்னும் திரைவாசிப்பான் 2006 இல் அவுஸ்திரேலியாவில் உருவாக்கத் தொடங்கப்பட்டது. அதனை உருவாக்கியோரும் பார்வையற்றவர்களே. இது இலவசமாகக் கிடைக்கின்றது. ஆனால் பாடக்குறிப்பைப் படமாகப் பிடித்து அனுப்பினால் திரைவாசிப்பானால் அதனை நேரடியாக வாசிக்க முடியாது. எழுத்தாக, ஒருங்குறியில் அனுப்பினாலே அது பயன்படும். இங்கு ஒரு சிறு பழக்கம், சக மாணவர் ஒருவர் பாடத்தைக் கற்க முடியுமா முடியாதா என்பதையே தீர்மானிக்கின்றது.

3. இணையவழிக் கற்றல்

இணையவழிக் கற்றல் இரு வகைப்படும்.

(அ) நிகழ்நேரக் கற்றல்: ஆசிரியரும் மாணவரும் ஒரே நேரத்தில் இணைதல். உதாரணம்: சூம் போன்ற மென்பொருள் மூலமான காணொளி வகுப்பு. சந்தேகத்தை உடனே கேட்கலாம். ஆனால் இணைப்புத் துண்டிக்கப்பட்டால் பாடம் தவறிவிடும்.

(ஆ) வேறுநேரக் கற்றல்: ஆசிரியர் பதிவேற்றியதை மாணவர் தமக்கு வசதியான நேரத்தில் கற்றல். உதாரணம்: பதிவுசெய்த பாடம், குறிப்பு, ஒப்படை. மீண்டும் மீண்டும் பார்க்கலாம். ஆனால் சந்தேகத்துக்கு உடனடி விடை கிடைக்காது.

மூடில் என்பது உலகெங்கும் பயன்படும் திறந்த மூலக் கற்கை முகாமைத்துவ முறைமை ஆகும். இதனை அவுஸ்திரேலியாவைச் சேர்ந்த மார்ட்டின் டூகியாமாஸ் உருவாக்கினார். முதலாவது பதிப்பு 2002 இல் வெளிவந்தது. பாடங்களைப் பதிவேற்றல், ஒப்படைகளைப் பெறுதல், தானாகப் புள்ளியிடும் வினாக்களைத் தயாரித்தல், கலந்துரையாடல், புள்ளிப் பதிவேடு ஆகியன இதன் முக்கிய வசதிகளாகும்.

இலங்கையில் கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ என்னும் இணையத்தளம் தமிழ், சிங்களம், ஆங்கிலம் ஆகிய மும்மொழிகளிலும் பாட உள்ளடக்கங்களை வழங்குகின்றது. கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் பாடநூல்களையும் அத்திணைக்களத்தின் இணையத்தளத்திலிருந்து பதிவிறக்கலாம்.

3.1 தரவின் அளவைக் கணித்தல்

இணையவழிப் பாடத்திற்கு எவ்வளவு தரவு செலவாகும் என்று கணிப்பது வாழ்க்கைக்கும் பரீட்சைக்கும் பயன்படும்.

நினைவிற் கொள்க: 8 பிற்று = 1 பைற்று. இங்கு 1 மெகாபைற்று = 1000 கிலோபைற்று எனவும் 1 கிகாபைற்று = 1000 மெகாபைற்று எனவும் கொள்வோம்.

உதாரணம் 1: செக்கனுக்கு 500 கிலோபிற்று வீதம் தரவைப் பெறும் காணொளி வகுப்பு 1 மணித்தியாலம் நடைபெறுகின்றது. செலவாகும் தரவு எவ்வளவு?

1 மணித்தியாலம் = 3600 செக்கன்
மொத்தப் பிற்றுகள் = 500 × 3600 = 1 800 000 கிலோபிற்று
பைற்றுகளில் = 1 800 000 ÷ 8 = 225 000 கிலோபைற்று
அதாவது 225 மெகாபைற்று.

உதாரணம் 2: அதே பாடம் ஒலி வடிவில் மட்டும், செக்கனுக்கு 32 கிலோபிற்று வீதம் அனுப்பப்படின்?

32 × 3600 ÷ 8 = 14 400 கிலோபைற்று
அதாவது 14.4 மெகாபைற்று.

1 கிகாபைற்று தரவுப் பொதி உள்ள மாணவி ஒருத்தி, காணொளி வகுப்பாயின் 4 மணித்தியாலங்களை மட்டுமே முழுமையாகப் பெறுவாள். ஒலிப் பாடமாயின் அதே பொதியில் 69 மணித்தியாலங்களுக்கு மேற் பெறுவாள். வரைபடமோ உருவோ இல்லாத பாடத்தை ஒலியாகவும், சிறிய குறிப்பாகவும் அனுப்பும் ஆசிரியர், தரவு வாங்க வசதியற்ற மாணவரையும் தம் வகுப்பில் வைத்திருக்கின்றார். தொழினுட்பத்தைத் தெரிவுசெய்தல் என்பது யார் வகுப்பில் இருப்பார், யார் வெளியே நிற்பார் என்பதையும் தெரிவுசெய்தலாகும்.

4. சாதனம் மட்டும் போதுமா? மூன்று அனுபவங்கள்

கணினியைக் கொடுத்தால் கல்வி உயர்ந்துவிடுமா என்பது கட்டுரை வினாக்களில் விவாதிக்க வேண்டிய விடயமாகும். உலக நாடுகளின் அனுபவம் பின்வருமாறு அமைகின்றது.

4.1 நிக்கரகுவா: வானொலியில் கணிதம்

மத்திய அமெரிக்க நாடான நிக்கரகுவாவில் 1974 இல் வானொலிக் கணிதத் திட்டம் தொடங்கப்பட்டது. ஆரம்ப வகுப்பு மாணவர்களுக்கு வானொலியில் கணித பாடம் ஒலிபரப்பாகியது. இது வெறும் சொற்பொழிவாக இருக்கவில்லை. வானொலி வினாவைக் கேட்டு, விடை சொல்வதற்கு இடைவெளி விட்டது. பிள்ளைகள் உரத்த குரலில் விடை கூறினர் அல்லது தாளில் எழுதினர். உடனே சரியான விடை ஒலித்தது. ஒலிபரப்பு முடிந்த பின் ஆசிரியர் பயிற்சியைத் தொடர்ந்து நடத்தினார். மாணவர்களைப் பரீட்சித்து, எது விளங்கவில்லை என அறிந்து, அதற்கேற்பப் பாடங்கள் திருத்தப்பட்டன. வானொலியால் கற்ற வகுப்புகள் ஏனைய வகுப்புகளைவிடக் கணிதத்தில் தெளிவாகக் கூடிய புள்ளிகளைப் பெற்றன.

4.2 பெரு: பிள்ளைக்கொரு மடிக்கணினி

“பிள்ளைக்கொரு மடிக்கணினி” என்னும் திட்டம் நிக்கலஸ் நெக்ரொபொன்ரே என்பவரால் 2005 இல் அறிவிக்கப்பட்டது. தென் அமெரிக்க நாடான பெரு இதனைப் பெரிய அளவில் நடைமுறைப்படுத்தி, 8 இலட்சத்துக்கு மேற்பட்ட மடிக்கணினிகளை வாங்கியது. கிராமப்புறத்தின் 319 ஆரம்பப் பாடசாலைகளை அமெரிக்க நாடுகளுக்கிடையிலான அபிவிருத்தி வங்கியின் ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2012 இல் முடிவை வெளியிட்டனர். மாணவர்கள் கணினியைப் பயன்படுத்துவது அதிகரித்திருந்தது. பொதுச் சிந்தனைத் திறனிலும் ஓரளவு முன்னேற்றம் காணப்பட்டது. ஆனால் கணிதத்திலும் மொழியிலும் பரீட்சைப் புள்ளிகள் உயர்ந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை.

4.3 டில்லி: மாணவனின் மட்டத்துக்கேற்ற பாடம்

இந்தியாவின் டில்லியில் 2015 இல், பாடசாலை நேரத்துக்குப் பின்னர் மைண்ட்ஸ்பார்க் என்னும் மென்பொருளைப் பயன்படுத்தும் நிலையங்களில் ஆய்வொன்று நடைபெற்றது. அம்மென்பொருள் ஒவ்வொரு மாணவனும் எந்த மட்டத்தில் நிற்கின்றான் எனக் கண்டறிந்து, அம்மட்டத்திலிருந்து வினாக்களை வழங்கியது. ஏழாம் வகுப்பில் இருந்தாலும், ஒருவனுக்குப் பின்னக் கணக்கே விளங்கவில்லையாயின் அங்கிருந்தே தொடங்கியது. நிலையங்களில் உதவி ஆசிரியர்களும் இருந்தனர். ஏறத்தாழ நாலரை மாதங்களில் கணிதத்திலும் ஹிந்தி மொழியிலும் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் ஏற்பட்டது.

4.4 ஒப்பீடு

நிக்கரகுவாவின் வானொலி மலிவான, பழைய சாதனம். பெருவின் மடிக்கணினி விலை கூடிய, புதிய சாதனம். ஆயினும் பாடப் புள்ளிகளை உயர்த்தியது வானொலியே. காரணங்கள்:

• பாடத்திட்டத்துடன் நேரடியாக இணைந்த உள்ளடக்கம் வானொலித் திட்டத்தில் இருந்தது.
• மாணவன் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்காமல் விடையளிக்க வேண்டியிருந்தது.
• உடனடிப் பின்னூட்டல் கிடைத்தது.
• ஆசிரியருக்குத் தெளிவான பங்கு வழங்கப்பட்டது.

டில்லியின் வெற்றிக்கும் இக்காரணங்களில் பல பொருந்தும். அத்துடன் மாணவனின் மட்டத்தை அறிந்து கற்பித்தலும் சேர்ந்தது. ஆகவே தொழினுட்பத்தின் பயன் அதன் விலையில் தங்கியிருப்பதில்லை. அது மாணவனை என்ன செய்ய வைக்கின்றது என்பதிலேயே தங்கியுள்ளது.

5. இலக்கமுறை இடைவெளி

தகவல் தொடர்பாடல் தொழினுட்ப வசதிகளைப் பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் இடையிலான வேறுபாடு இலக்கமுறை இடைவெளி எனப்படும். நகரம்–கிராமம், வருமானம், மொழி, பால், வயது, உடற் குறைபாடு ஆகியன இதற்குக் காரணிகளாகும்.

இலங்கையில் 1945 இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. 1980 முதல் பாடநூல்களும் இலவசமாக வழங்கப்படுகின்றன. மலைநாட்டு லயத்தில் வாழும் பிள்ளைக்கும் கொழும்பில் வாழும் பிள்ளைக்கும் ஒரே பாடநூல் கிடைப்பதே இதன் நோக்கம். 2020 மார்ச் மாதத்தில் கொவிட்-19 தொற்றினால் பாடசாலைகள் மூடப்பட்டுக் கற்றல் இணையத்துக்கு மாறியபோது, இச்சமத்துவம் பெரும் சோதனைக்குள்ளானது. பாடநூல் இலவசமாகக் கிடைத்தது. ஆனால் தொலைபேசியும் தரவும் இலவசமாகக் கிடைக்கவில்லை. ஒரே தொலைபேசியைப் பல பிள்ளைகள் பகிர வேண்டியிருந்தது. சமிக்ஞை கிடைக்காத மலைக்கிராமங்களில் மாணவர்கள் பாறைகளிலும் மரங்களிலும் ஏறிக் கற்ற செய்திகள் 2021 இல் உலக ஊடகங்களிலும் வெளிவந்தன. அம்மாணவர்களும் ஏனையோரைப் போன்று அதே வினாத்தாளுக்கே விடையளிக்க வேண்டியிருந்தது.

இக்காலத்தில் இலங்கை ரூபவாஹினிக் கூட்டுத்தாபனம் தமிழ்மொழி மூல மாணவர்களுக்கான பாடங்களை நேத்ரா அலைவரிசையில் ஒளிபரப்பியது. தொலைக்காட்சிக்குத் தரவுப் பொதி தேவையில்லை. எனினும் மாணவன் கேள்வி கேட்க முடியாது என்பது அதன் குறைபாடாகும்.

5.1 இடைவெளியைக் குறைக்கும் வழி: கொத்மலை அனுபவம்

இணைய வசதி அரிதாக இருந்த 1990களின் இறுதியில், யுனெஸ்கோவின் உதவியுடன் கொத்மலை சமூக வானொலி நிலையத்துக்கு இணைய இணைப்பு வழங்கப்பட்டது. சுற்றுப்புறக் கிராம மக்கள் தமக்குத் தேவையான தகவல்களைக் கேட்டனர்; அறிவிப்பாளர்கள் இணையத்தில் தேடி, கேட்போருக்கு விளங்கும் மொழியில் வானொலியில் விளக்கினர். கம்பளை, நாவலப்பிட்டி நூலகங்களிலும் பொதுமக்களுக்குக் கணினி வசதி ஏற்படுத்தப்பட்டது. ஓர் இணைப்பு ஒரு வீட்டுக்கு மட்டும் பயன்படாமல் ஒரு பிரதேசத்துக்கே பயன்பட்டது. பழைய தொழினுட்பமும் புதிய தொழினுட்பமும் கைகோத்தமையால் இது சாத்தியமாயிற்று.

பின்னர் ஈ-ஸ்ரீலங்கா செயற்றிட்டத்தின் கீழ் நாடெங்கும் அமைக்கப்பட்ட நெனசல அறிவகங்களும் இதே நோக்கத்தைக் கொண்டவையாகும்.

5.2 வகுப்பறையில் ஒரே ஒரு கணினி

40 மாணவர் கொண்ட வகுப்பில் ஒரே ஒரு கணினி உள்ளது. பாடவேளை 40 நிமிடம்.

• தனித்தனியாகப் பயன்படுத்தினால் ஒருவருக்கு 40 ÷ 40 = 1 நிமிடம் மட்டுமே.
• ஐவர் கொண்ட 8 குழுக்களாகப் பிரித்தால் ஒரு குழுவுக்கு 40 ÷ 8 = 5 நிமிடம்.
• எறியியுடன் இணைத்தால் 40 நிமிடமும் 40 பேரும் பார்க்கலாம். ஆனால் பார்ப்பவர்களாக மட்டும் இருந்துவிடும் ஆபத்து உண்டு.

பொருத்தமான முறை: ஆசிரியர் திரையில் ஒரு நிலைமையைக் காட்டி, அடுத்து என்ன நிகழும் என்று ஒவ்வொரு குழுவையும் எதிர்வுகூறி எழுதச் செய்தல் வேண்டும். அதன்பின் ஒரு மாணவர் முன்வந்து செய்துகாட்டுவார். எழுதிய விடையுடன் நிகழ்ந்ததை ஒப்பிடும்போது 40 பேரும் சிந்திக்கின்றனர். கணினி ஒன்றே, கற்போர் அனைவரும்.

6. ஒழுக்கநெறியும் பாதுகாப்பும்

• பிறர் ஆக்கத்தைப் பயன்படுத்தும்போது மூலத்தைக் குறிப்பிடல் வேண்டும். தனது ஆக்கம்போல் காட்டுதல் கருத்துத் திருட்டாகும்.
• கடவுச்சொல், முகவரி, தொலைபேசி இலக்கம் ஆகியவற்றைப் பொதுத் தளங்களில் பகிரக் கூடாது.
• வகுப்பின்போது ஆசிரியரையோ சக மாணவரையோ அனுமதியின்றிப் பதிவுசெய்து பரப்பக் கூடாது.
• திரையை நீண்டநேரம் பார்ப்பதால் கண் உலர்வு, கழுத்து வலி ஏற்படலாம். இடையிடையே ஓய்வு அவசியம்.

2022 நவம்பரில் சட்ஜிபிடி வெளியான பின்னர், செயற்கை நுண்ணறிவு மென்பொருள்களிடம் ஒப்படைக்கு விடை கேட்பது இலகுவாகிவிட்டது. இவை தவறான தகவலையும் உறுதியான தொனியில் தரக்கூடும். எனவே பாடநூலுடன் ஒப்பிடாமல் ஏற்கக் கூடாது. மேலும், மென்பொருள் எழுதித் தந்த விடையைப் பிரதிசெய்பவர் ஒப்படையை முடிக்கலாம். ஆனால் பரீட்சை மண்டபத்தில் பேனையுடன் தனியே அமரும்போது கற்றது மட்டுமே கையில் இருக்கும். “எனது விடையில் எங்கே பிழை?” என்று கேட்பதும், “விடையை எழுதித் தா” என்று கேட்பதும் ஒன்றல்ல. முன்னையது கற்றல்.

7. பொழிப்பு

• தொழினுட்பம் கற்றலுக்கான துணை; ஆசிரியருக்குப் பதிலீடு அன்று.
• பாடத்தின் தேவைக்கேற்பவே சாதனத்தைத் தெரிவுசெய்ய வேண்டும்.
• உள்ளடக்கம், மாணவர் பங்கேற்பு, பின்னூட்டல், ஆசிரியர் வழிகாட்டல் ஆகிய நான்கும் வெற்றிக்கு அவசியம்.
• இலக்கமுறை இடைவெளியைக் கருத்திற் கொள்ளாத தொழினுட்பம் சமத்துவமின்மையைக் கூட்டும்.

மாதிரி வினாக்கள்

பகுதி 1: சரியான விடையைத் தெரிவுசெய்க.

1. கற்கை முகாமைத்துவ முறைமைக்கு உதாரணம்
(1) மூடில் (2) லினக்ஸ் (3) ஜியோஜீப்ரா (4) என்விடிஏ

2. செக்கனுக்கு 24 கிலோபிற்று வீதம் 40 நிமிட ஒலிப் பாடமொன்றைப் பெறச் செலவாகும் தரவு
(1) 0.96 மெகாபைற்று (2) 7.2 மெகாபைற்று (3) 57.6 மெகாபைற்று (4) 72 மெகாபைற்று

3. நண்பன் அனுப்பிய தமிழ்க் குறிப்பைத் திறந்தபோது பொருளற்ற ஆங்கில எழுத்துகள் தெரிகின்றன. பெரும்பாலும் காரணம்
(1) நினைவகம் போதாமை (2) கணினியில் நச்சுநிரல் (3) ஒருங்குறியல்லாத எழுத்துரு பயன்படுத்தப்பட்டமை (4) இணைய வேகம் குறைவு

4. பின்வருவனவற்றுள் நிகழ்நேரக் கற்றல் எது?
(1) பதிவுசெய்த பாடத்தைப் பார்த்தல் (2) காணொளி வகுப்பில் வினாவெழுப்புதல் (3) பாடநூலைப் பதிவிறக்கல் (4) ஒப்படையைப் பதிவேற்றல்

விடைகள்: 1 – (1), 2 – (2), 3 – (3), 4 – (2)

வினா 2 இன் விளக்கம்: 40 நிமிடம் = 2400 செக்கன். 24 × 2400 ÷ 8 = 7200 கிலோபைற்று = 7.2 மெகாபைற்று. 8 ஆல் வகுக்க மறந்தவர் 57.6 ஐத் தெரிவுசெய்வார்.

பகுதி 2: அமைப்புக் கட்டுரை வினா

கிராமப் பாடசாலையொன்றில் 36 மாணவர் கொண்ட தரம் 11 வகுப்புக்கு ஒரு கணினியும் ஓர் எறியியும் உள்ளன. இணைய இணைப்பு இல்லை.

(அ) முதல் 4 நிமிடம் ஆசிரியரின் அறிமுகத்துக்குச் செலவானால், நால்வர் கொண்ட ஒவ்வொரு குழுவுக்கும் 40 நிமிடப் பாடவேளையில் கிடைக்கும் கணினி நேரத்தைக் காண்க. (3 புள்ளி)
(ஆ) இணைய இணைப்பின்றி விஞ்ஞானப் பாவனையாக்கலைப் பயன்படுத்தும் வழியொன்றைக் கூறுக. (2 புள்ளி)
(இ) பாவனையாக்கலின் நன்மையொன்றையும் குறைபாடொன்றையும் தருக. (2 புள்ளி)
(ஈ) “சாதனங்களை வழங்கினாற் போதும், கல்வி தானாக உயரும்.” இக்கூற்றை உதாரணத்துடன் ஆராய்க. (3 புள்ளி)

விடைக் குறிப்பு

(அ) குழுக்கள் 36 ÷ 4 = 9 (1 புள்ளி). எஞ்சிய நேரம் 40 − 4 = 36 நிமிடம் (1 புள்ளி). ஒரு குழுவுக்கு 36 ÷ 9 = 4 நிமிடம் (1 புள்ளி).
(ஆ) இணைப்புள்ள ஓரிடத்தில் பதிவிறக்கி (1 புள்ளி), பென் டிரைவ் மூலம் பாடசாலைக் கணினிக்குக் கொண்டுவரல் (1 புள்ளி).
(இ) நன்மை: ஆபத்தின்றித் திரும்பத் திரும்பச் செய்யலாம். குறைபாடு: உண்மைக் கருவியைக் கையாளும் அனுபவமும் வாசிப்பு வழு பற்றிய அறிவும் கிடைக்காது.
(ஈ) கூற்று ஏற்கத்தக்கதன்று எனக் கூறல் (1 புள்ளி), பெரு அல்லது நிக்கரகுவா போன்ற உதாரணம் (1 புள்ளி), உள்ளடக்கம், பங்கேற்பு, பின்னூட்டல், ஆசிரியர் வழிகாட்டல் ஆகியவற்றுள் ஒன்றையேனும் காரணமாகக் காட்டல் (1 புள்ளி).

செயற்பாடு

உங்கள் வகுப்பில் எத்தனை பேரின் வீட்டில் கணினி, தொலைபேசி, தொலைக்காட்சி, வானொலி உள்ளன என்பதைப் பெயர் குறிப்பிடாமல் சேகரித்து விரிதாளில் பதிக. நிரல் வரைபொன்றை அமைக்க. அடுத்த தவணையில் பாடசாலை ஒரு மாதம் மூடப்பட்டால், ஒருவரையும் விடாமல் பாடத்தைக் கொண்டுசெல்ல எச்சாதனம் மிகப் பொருத்தமானது? உங்கள் வரைபை ஆதாரமாகக் காட்டி 100 சொற்களில் எழுதுக.